தூசி அலர்ஜி: மெத்தை உறையா, காற்று சுத்திகரிப்பானா, மூக்கு ஸ்பிரேயா?

காலையில் எழுந்து போர்வையை உதறி மடிப்பதற்குள் தும்மல் தொடங்கிவிடும். ஒன்றிரண்டு இல்லை, அடுக்குத் தும்மல். பதினைந்து, இருபது என்று போகும். மூக்கு தண்ணீராக ஒழுகும், அண்ணம் அரிக்கும், கண் சிவந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் ஆளை விட்டுவிடும். எனக்கு இது கல்லூரி படிக்கும்போது வந்தது. மகளுக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. பரீட்சை எழுதும்போது மூக்கு ஒழுகி விடைத்தாள் நனைந்துபோனது என்று ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். இனிமேல் இதைச் சளித் தொந்தரவு என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

அந்த மாதம் என் கணவருக்கு போனஸ் வந்திருந்தது. அதில் 15,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்கினோம். அவர் காற்று சுத்திகரிப்பான் வாங்கலாம் என்றார். என் மாமியார், மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாயில் படுங்கள் என்றார். நல்ல டாக்டரைப் பார்த்தாலே போதும் என்பது என் கட்சி. மூன்று வருடத்தில் இந்த மூன்றையும், இன்னும் சிலவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். எதில் போட்ட பணம் தும்மலைக் குறைத்தது, எதில் போட்டது குறைக்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். நாங்கள் இருப்பது சென்னையில், கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி. இந்த ஒரு விவரம் பாதி முடிவை மாற்றிவிடுகிறது.

எதற்கு அலர்ஜி என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்

மூக்கு அலர்ஜியை ஆங்கிலத்தில் ஹே ஃபீவர் என்பார்கள். அந்தப் பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1819இல் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், கோடைதோறும் தனக்கே வந்துகொண்டிருந்த இந்தத் தொல்லையை விவரித்து எழுதினார். காரணம் புல்லின் மகரந்தம் என்று 1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தன் மீதே சோதனை செய்து காட்டினார். அங்கே அது பருவ நோய். ஜன்னலை மூடு, வெளியே போய் வந்ததும் தலைக்குக் குளி என்று இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அந்த மகரந்தத்துக்காக எழுதப்பட்டவை.

நம் கடலோர ஊர்களில் கதை வேறு. வருடம் முழுக்கத் தும்மல், அதிலும் படுக்கையை விட்டு எழும்போது அதிகம் என்றால், முதல் சந்தேகம் தூசி உண்ணி மேல்தான் விழ வேண்டும். ஆங்கிலத்தில் டஸ்ட் மைட் என்பார்கள். மில்லிமீட்டரில் கால் பங்கோ, கொஞ்சம் கூடவோ இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். தண்ணீர் குடிக்க அதற்கு வாய் தேவையில்லை, காற்றில் உள்ள ஈரத்தையே உடம்பில் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கடற்கரை ஊர் அதற்குச் சொர்க்கம். நம்மைத் தும்மவைப்பது பெரும்பாலும் அதன் எச்சம். வீட்டுத் தூசி அலர்ஜிக்குப் பின்னால் இந்த உண்ணி இருப்பதை 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள்தான் நிறுவினார்கள்.

பெங்களூரில் இருப்பவருக்குப் பார்த்தீனியம் காரணமாக இருக்கலாம். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலம் பூக்கும் காலத்தில் மட்டும் மூக்கு ஒழுகுகிறவர்கள் உண்டு. பூனை வளர்ப்பவருக்குப் பூனை. பழைய வீட்டில் கரப்பான் பூச்சி. இவை ஒவ்வொன்றுக்கும் செலவு செய்ய வேண்டிய இடம் வேறு வேறு.

கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு: தோலில் செய்யும் பிரிக் டெஸ்ட், அலர்ஜியின்போது உடம்பு உண்டாக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை இரத்தத்தில் அளக்கும் டெஸ்ட். எனக்குத் தோல் பரிசோதனை பிடித்தது. முன்கையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு வைத்து, நுனி ஊசியால் லேசாகத் தொட்டார்கள். மகளுக்கு வலிக்கவே இல்லை. கால் மணி நேரத்தில் உண்ணிச் சொட்டு வைத்த இரண்டு இடமும் கொசு கடித்தது போல் தடித்தன. நர்ஸ் ஸ்கேலை வைத்து அளந்தார்: ஒன்று 7 மில்லிமீட்டர், இன்னொன்று 6. மூன்றைத் தாண்டினாலே கணக்கில் எடுப்பார்களாம். மகரந்தம், பூனை, பூஞ்சை எதற்கும் ஒன்றுமில்லை. தன் கையிலேயே விடையைப் பார்த்துவிட்டதால், அதற்குப் பிறகு தலையணை உறையைத் துவைக்கப் போடு என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பரிசோதனைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்த முடியாதவர்களுக்கும், தோல் முழுக்கப் படை உள்ளவர்களுக்கும் இரத்தப் பரிசோதனைதான் வழி.

இதற்கு முன் ஒரு தவறு செய்தோம். ஒரு பரிசோதனைக்கூடத்தில் தொண்ணூறு உணவுகளுக்கு ஐஜிஜி சோதனை செய்து, முட்டை, பால், கத்தரிக்காய், வேர்க்கடலை எதுவும் கூடாது என்று தாள் கொடுத்தார்கள். ஆறு மாதம் பிள்ளைக்குத் தயிர்கூட கொடுக்கவில்லை. தும்மல் அப்படியே இருந்தது, எடைதான் குறைந்தது. ஐஜிஜி என்பது அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதற்கு அடையாளமே தவிர, அலர்ஜிக்கு அல்ல என்று பிறகு அலர்ஜி டாக்டர் விளக்கினார். பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

காற்று சுத்திகரிப்பான் வாங்கலாமா?

தூசி உண்ணிதான் காரணம் என்றால், முதல் பணத்தை இதில் போடாதீர்கள்.

உண்ணியின் எச்சத் துகள் கிட்டத்தட்ட 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). காற்றில் மிதக்க அது கனமானது. மெத்தையைத் தட்டினால் எழும்பும், அரை மணி நேரத்துக்குள் மறுபடி படிந்துவிடும். மூலையில் நிற்கும் இயந்திரம் மிதப்பதை மட்டும்தான் இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் நம் மூக்கு தலையணையில் புதைந்து கிடக்கிறது; அந்தத் தலையணைக்குள் இருப்பதை அறையின் மறுகோடியில் உள்ள பெட்டி எப்படி எடுக்கும்? இயந்திரம் நன்றாக வேலை செய்தாலும், நமக்கு வேண்டிய இடத்தில் அது வேலை செய்யவில்லை.

பூனை அலர்ஜி என்றால் கணக்கு மாறும். பூனையின் ஒவ்வாமைப் புரதம் மிகச் சிறிய துகள்களிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கும். அங்கே மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் வைத்த சுத்திகரிப்பான் உதவும். மெயின் ரோட்டு ஓரத்தில் வீடு, புகை உள்ளே வருகிறது, பிள்ளைக்கு வீசிங்கும் இருக்கிறது என்றாலும் வாங்கலாம். மகரந்தம் என்றால் பூக்கும் பருவத்தில் ஜன்னலை மூடுவதுதான் முதல் வேலை, இயந்திரம் அதற்குத் துணை.

வாங்குவதாக இருந்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்று பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் எண்ணைப் பாருங்கள். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 34 கன மீட்டர் காற்று. அதை மணிக்கு ஐந்து முறை சுற்றவைக்க 170 வேண்டும். அதுவும் சத்தம் குறைந்த வேகத்தில் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி அணைத்துவிடுவீர்கள். ஃபில்டர் மாற்றும் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓசோன் வெளியிடும் வகையைத் தொடாதீர்கள். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும்.

நாங்கள் வாங்கவில்லை. நண்பர் வீட்டிலிருந்து ஒரு மாதம் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தோம். போகிப் பண்டிகை அன்று மட்டும் அதன் அருமை தெரிந்தது; மற்ற நாட்களில் காலைத் தும்மலில் மாற்றம் இல்லை.

மெத்தை உறையா, பாயா?

மெத்தையையும் தலையணையையும் முழுக்க மூடி ஜிப் போடும் உறைதான் நான் முதலில் வாங்கச் சொல்வது. ஆனால் அதை மட்டும் வாங்கிவிட்டு உட்காராதீர்கள். 2003இல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று மூக்கு அலர்ஜிக்காரர்களிடம், இன்னொன்று ஆஸ்துமா உள்ள பெரியவர்களிடம் செய்தது. இரண்டிலும் உறை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தொந்தரவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மூக்கு அலர்ஜி ஆய்வில் படுக்கையில் இருந்த உண்ணிப் பொருள் குறைந்தது, ஆனால் மூக்கு அதை உணரவில்லை. அப்புறம் 2017இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் ஆஸ்துமா உள்ள 284 குழந்தைகளிடம் பார்த்தார்கள். மூச்சுத்திணறலுக்காக ஒரு வருடத்தில் அவசரமாக மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தவர்கள், சாதாரண உறை போட்ட குழுவில் நூற்றுக்கு 42 பேர். உண்ணி உறை போட்ட குழுவில் 29 பேர்.

இந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்து நான் புரிந்துகொண்டது இதுதான்: பிள்ளைக்கு வீசிங் இருந்தால் உறையை இன்றைக்கே வாங்குங்கள். வெறும் தும்மல்தான் என்றால் உறை, வாரம் ஒரு வெந்நீர்த் துவையல், மருந்து மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

உறையில் மூன்று வகை. ரெக்ஸின், பிளாஸ்டிக் வகை மலிவு, உண்ணியும் தாண்டாது, ஆனால் சென்னை வெயிலில் ஒரு ராத்திரிகூடப் படுக்க முடியாது, முதுகு ஊறிப்போகும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டிய துணி வகை பரவாயில்லை, ஏசி இருந்தால் தாங்கலாம். மூன்றாவது மிக நெருக்கமாக நெய்த துணி. அதன் இழை இடைவெளி 10 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும், காற்றும் போகும். விலை கூடுதல்தான், ஆனாலும் நம் ஊருக்கு இதுவே சரி. இரட்டைக் கட்டில் மெத்தைக்கு எங்களுக்கு 3,200 ரூபாய் ஆனது, தலையணை இரண்டுக்கும் தனியாக 900.

நான் முதலில் வாங்கியது அலர்ஜி எதிர்ப்பு என்று அச்சிட்ட, நான்கு மூலையில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு. அது மேல்பக்கத்தை மட்டும்தான் மூடும். ஆறு பக்கமும் மூடி ஜிப் இழுக்க முடியாத எதுவும் உண்ணி உறை ஆகாது. ஜிப்பின் கடைசி முனையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அங்கே ஒரு பட்டை டேப் ஒட்டிவிடுங்கள்.

இப்போது அத்தை சொன்ன பாய். அவர் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. கோரைப்பாயில் உண்ணி குடியிருக்க ஆழமே கிடையாது. தினமும் சுருட்டி நிறுத்தலாம், வெயிலில் போடலாம், ஈரத்துணியால் துடைக்கலாம். 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள், வாடகை அறையில் யாரோ படுத்த மெத்தையில் படுக்கிறவர்கள், மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பாய்க்கு மாறினால் ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியக்கூடும். ஆனால் தரையைப் படுக்கும் முன் ஈரத்துணியால் துடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் மூக்கு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களால் எழுந்திருக்க முடியாது. மகள் கோடை விடுமுறை முழுவதும் பாட்டியோடு பாயில் படுத்தாள், நன்றாகவே இருந்தாள். எனக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை, அதனால் மெத்தையும் உறையும்.

பாயானாலும் மெத்தையானாலும் தலையணையை விட்டுவிட்டால் பயனில்லை. எங்கள் வீட்டில் இருந்த இலவம்பஞ்சுத் தலையணைகள் என் கல்யாணத்துக்கு வந்தவை. பதினான்கு வருடம் ஆகியிருந்தது. ஒன்றின் தையலைப் பிரித்துப் பார்த்தபோது பஞ்சு பாதி பொடியாகி, பழுப்பாக, புழுங்கிய வாடையோடு இருந்தது. துவைக்க வழியே இல்லாத பொருளில் பதினான்கு வருடம் முகத்தை வைத்துத் தூங்கியிருக்கிறோம். பஞ்சோ, செயற்கை இழையோ, ஃபோமோ, எதிலும் உண்ணி வரும். துவைக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

வெயில், வெந்நீர்

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மெத்தையைப் போட்டு, மதியம் ஒருமுறை புரட்டிப் போடுவது நம் வீடுகளில் எப்போதும் செய்ததுதான். வெயில் ஈரத்தை உறிஞ்சும், உண்ணியும் சாகும். ஆனால் எச்சம் அப்படியே இருக்கும், அதன் அலர்ஜி குணமும் போகாது. அதனால் தட்ட வேண்டும், அலர்ஜி இல்லாத ஒருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு மாடியிலேயே தட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வெயில் கிடைக்காது. அந்த மாதங்களில்தான் உண்ணியும் அதிகம். அப்போது வெந்நீர்தான் கை கொடுக்கும். 60 டிகிரியில் உண்ணி சாகும். குளிர்ந்த நீரில் துவைத்தால் எச்சம் கரைந்து போகும், உண்ணி பெரும்பாலும் பிழைத்துவிடும். ஹீட்டர் உள்ள முன்கதவு மெஷினில் 60 என்று வைத்துவிடலாம். மேல்கதவு மெஷின் என்றால் நாங்கள் செய்வது: பெரிய வாளியில் கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு ஊற்றினால் 65 டிகிரி வரும். அதில் விரிப்பையும் தலையணை உறையையும் அரை மணி நேரம் மூழ்கவைத்துவிட்டுப் பிறகு மெஷினில் போடுவோம். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை. கம்பளிப் போர்வைக்கு இது ஆகாது. அதைப் பீரோவில் வைத்துவிட்டுப் பருத்திப் போர்வைக்கு மாறினோம். பழைய புடவையைச் சேர்த்துத் தைத்த போர்வை வெந்நீரைத் தாராளமாகத் தாங்குகிறது. மகள் கூடவே படுத்துக்கொள்ளும் கரடி பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒருநாள் முழுக்க வைத்து, பிறகு துவைப்போம்.

ஏசி, விசிறி, துடைப்பம், புகை

அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உண்ணி வறண்டு சாகும். அளக்கும் கருவி 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அக்டோபர் மாதம் எங்கள் படுக்கையறையில் சாயங்காலம் 76 காட்டியது. ஏசியை 26இல் வைத்து ஒன்றரை மணி நேரம் ஓடியபின் 56. சென்னையில் நாள் முழுக்க 50க்குக் கீழே வைப்பது வீட்டுக்காரர்களால் ஆகாத காரியம், அதற்காக ஏசி வாங்க வேண்டியதில்லை. இருக்கிற ஏசியின் வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயில் கழுவுங்கள்.

விசிறியின் இறக்கையில் படிந்த தூசி நேராகப் படுக்கையில் விழுகிறது. பழைய தலையணை உறையை இறக்கைக்குள் மாட்டி இழுத்தால் அத்தனையும் உறைக்குள்ளேயே விழுந்துவிடும்.

துடைப்பத்தால் பெருக்குவது தூசியை எழுப்பும். புதுப் பூந்துடைப்பம் இன்னும் மோசம், அதிலிருந்தே பொடி உதிரும். வாங்கியதும் வெளியே வைத்து நன்றாக உதறி, தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நம் வீடுகளில் தரை மொசைக்கோ டைல்ஸோதான், கார்ப்பெட் இல்லை. இது பெரிய நல்வாய்ப்பு. ஈர மாப் போதும். சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் மட்டும் வாக்குவம் கிளீனர் வேண்டும், அதிலும் ஹெபா ஃபில்டர் இல்லாதது பின்பக்கம் தூசியைத் திரும்ப ஊதும்.

புகை அலர்ஜிப் பொருள் அல்ல, ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கை இன்னும் நோகவைக்கும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. அதைப் படித்த அன்றே கொசுவலைக்கு மாறிவிட்டோம். வலையையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும், அதுவும் தூசி பிடிக்கும். சாம்பிராணி விஷயத்தில் அத்தையிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். பேத்தி படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பிள்ளைக்கு மேல சாமியா?" என்று செவ்வாய், வெள்ளி தூபத்தைப் பால்கனித் துளசிமாடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

மருந்தில் எது?

வீட்டை எவ்வளவு சுத்தம் செய்தாலும் மருந்து தேவைப்படும். இங்கேதான் பலர் தவறான பொருளில் வருடக்கணக்கில் நிற்கிறார்கள்.

முதலில் மூக்கடைப்புச் சொட்டு. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று குப்பியில் எழுதியிருக்கும். ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும். மூன்று முதல் ஐந்து நாளைக்கு மேல் போட்டால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். அதைத் திறக்க மறுபடி சொட்டு. கல்லூரி இறுதி ஆண்டில் நான்கு மாதம் அந்தக் குப்பி இல்லாமல் எனக்குத் தூக்கமே வந்ததில்லை. வெளியே வர இரண்டு வாரம் வாயால் மூச்சுவிட்டேன். சளி பிடித்த இரண்டு மூன்று ராத்திரிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாத்திரை. தும்மல், அரிப்பு, ஒழுகல் மூன்றையும் ஒரு மணி நேரத்தில் அடக்கும். அடைப்பைப் பெரிதாக அடக்காது. பழைய வகையான பெனிரமின், குளோர்பெனிரமின் தூக்கத்தில் தள்ளும். வண்டி ஓட்டுகிறவர்களும் படிக்கிற பிள்ளைகளும் தவிர்க்க வேண்டும். செட்டிரிசின் கொஞ்சம் தூக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின், லோரட்டடின் அவ்வளவாகத் தராது. ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் ஏறுவது குறைந்துபோகும், தண்ணீரோடு மட்டும்தான். எப்போதாவது வரும் தும்மலுக்கு, ஒட்டடை அடிக்கப் போகும் நாளுக்கு, மாத்திரை சரியான தேர்வு.

நம் ஊரில் லெவோசெட்டிரிசினோடு மாண்டிலூகாஸ்ட் சேர்ந்த மாத்திரையைச் சாதாரணமாக எழுதுகிறார்கள். மாண்டிலூகாஸ்ட்டால் சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, எரிச்சல் வரலாம் என்று 2020இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மிகக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைத் தவிர்க்கவும் சொன்னது. பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் அதன் குணத்தில் மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்றாவது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு. தினமும் தொந்தரவு உள்ளவருக்கு, அடைப்பும் சேர்ந்து உள்ளவருக்கு, மாத்திரையைவிட இதுவே வலுவானது. ஆனால் இதைத்தான் எல்லாரும் பாதியில் விடுகிறார்கள். காரணம் இரண்டு: இது அன்றைக்கே வேலை செய்வதில்லை, ஸ்டீராய்டு என்ற பெயர் பயமுறுத்துகிறது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும், அதுவரை தினமும் அடிக்க வேண்டும். ஃப்ளூட்டிகசோனில் ஒரு பீய்ச்சலுக்கு 50 மைக்ரோகிராம். மூக்கின் சவ்வில் வேலை செய்கிறது, இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. பயப்பட வேண்டியது சிலர் அலர்ஜி சீசனுக்கென்று போடும் ஸ்டீராய்டு ஊசிக்குத்தான். அது உடம்பு முழுக்கப் போகும். வளரும் பிள்ளைக்கு டாக்டர் சொன்ன குறைந்த அளவோடு நிற்கிறோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கதவு நிலையில் உயரத்தைக் குறித்துவைத்து அவரிடம் காட்டுகிறோம்.

நான் முதல் மாதம் தலையை அண்ணாந்து, நடுத்தண்டைப் பார்த்து அடித்து, பலமாக உறிஞ்சினேன். மருந்து தொண்டைக்குப் போய்க் கசந்தது, மூக்கில் இரத்தமும் வந்தது. நர்ஸ் மறுபடி சொல்லிக்கொடுத்தார்: புத்தகம் படிப்பதுபோல் தலையைக் கொஞ்சம் குனி, இடது துவாரத்துக்கு வலது கை, வலதுக்கு இடது கை, நுனி அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிமுனையைப் பார்க்கட்டும், அடிக்கும்போது பூவை முகர்வதுபோல் லேசாக மூச்சை இழு. கை மாறியதுமே கோணம் தானாகச் சரியாகிவிட்டது. பதினொன்றாம் நாள் காலையில் மகள் மூன்றே தும்மலோடு எழுந்து போய்விட்டாள்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது மருந்து அல்ல, ஆனால் ஸ்பிரேக்குப் பத்து நிமிடம் முன் செய்தால் சளி போய் மருந்து சவ்வில் படும். ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு. தண்ணீரைக் கட்டாயம் கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். கேரளத்திலும் அண்மையில் அந்த நோய் வந்ததைச் செய்திகளில் பார்த்தோம். கேன் தண்ணீரானாலும் கொதிக்கவைத்தே பயன்படுத்துங்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், அலர்ஜியைக் குறைக்காது. சின்னக் குழந்தைகள் கொதிநீரில் கையை விட்டுவிடுவார்கள், அவர்களுக்கு வேண்டாம்.

ஒரு பக்க மூக்கு மட்டும் தொடர்ந்து அடைத்தாலோ, அடிக்கடி இரத்தம் வந்தாலோ, ராத்திரி இருமலும் இழுப்பும் சேர்ந்தாலோ இது எதையும் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஊசியா, நாக்கடிச் சொட்டா?

இதுவரை சொன்னவை எல்லாம் தொந்தரவை அடக்குபவை. நிறுத்தினால் திரும்ப வரும். உடம்பையே பழக்குவது இம்யூனோதெரபி மட்டும்தான். லண்டனில் லெனார்ட் நூன் 1911இல் புல் மகரந்தத்தை ஊசியில் கொடுத்துத் தொடங்கிவைத்த முறை. அலர்ஜிப் பொருளையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, கூட்டிக்கொண்டே போய், குறைந்தது மூன்று வருடம் கொடுப்பார்கள். முடித்த பிறகும் சில வருடம் பலன் நிற்கும்.

ஊசி முதலில் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வேண்டும். அரிதாக உடம்பு முழுக்கத் தடித்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு, அட்ரினலின் தயாராக இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்தை வீட்டிலேயே தினமும் எடுக்கலாம், ஆபத்து குறைவு, ஆனால் மூன்று வருடம் ஒருநாளும் மறக்கக் கூடாது. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இரண்டுமே கூடாது. ஒன்றோ இரண்டோ பொருளுக்கு மட்டும் அலர்ஜி என்றால் இது நல்ல முதலீடு. பத்துப் பதினைந்து பொருளை ஒரே குப்பியில் கலந்து தருகிறேன் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஓர் இடத்துக்கு நாங்கள் போய்த் திரும்பினோம்.

மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது, அலர்ஜி உண்ணிக்கு மட்டும்தான், வீசிங் இல்லை. ஸ்பிரேயும் உறையும் வந்தபின் வாரத்தில் ஐந்து நாள் தும்மல் இல்லாமல் போகிறது. அந்த இரண்டு நாளுக்காக மூன்று வருட வைத்தியம் வேண்டுமா என்று அவளிடமே கேட்டோம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குள் ஒன்றரை வருடமாவது முடிந்திருக்கும் என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். சொட்டு என்றால் காலையில் தானே மறந்துவிடுவாளாம், அதனால் ஊசி. அடுத்த சனிக்கிழமை முதல் ஊசி. அரை மணி நேரம் உட்காரும்போது படிக்க நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்து வைத்திருக்கிறாள்.